எச்சில் குழாய்க்கு இரண்டு, வரிக்கணக்குப் புத்தகத்துக்கு ஐந்து

போன கிறிஸ்துமஸுக்கு மாமனாருக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் டிஎன்ஏ பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பெட்டி, மாதக் கட்டணம் வாங்கும் ஒரு வம்சாவளி இணையதளம், அரசாங்கம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ஆவணத் தளங்கள், கடைசியாக ராஸ்காமன் மாவட்டத்தில் ஒரு பஞ்ச அருங்காட்சியகம் என்று ஆறு மாதத்தில் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டோம். அயர்லாந்தில் வேர் தேடும் ஆசை வந்தவர்களுக்கும், என்னைப்போல அயர்லாந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்கும் பயன்படட்டும் என்று எது கொடுத்த காசுக்குத் தகும், எது தகாது என்று எழுதி வைக்கிறேன்.

ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமனாருக்கு 74 வயது. டப்ளினில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இங்கே மாமனாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எட்டு வருடமாகியும் எனக்கு நாக்கு வரவில்லை, அதனால் எதிரே போய் நின்று நேராகப் பேச்சைத் தொடங்கிவிடுவேன், அவரும் பழகிக்கொண்டார். அப்பா வழியில் ராஸ்காமன், அம்மா வழியில் மேயோ என்பதைத் தவிர தாத்தாவுக்கு மேலே அவருக்கு யாரையும் தெரியாது. கேட்டால் "ஏழைகள், அவ்வளவுதான்" என்பார். 1840களில் உருளைக்கிழங்கு அழுகி நாட்டையே வாட்டிய பஞ்சத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லையாம்.

சரி, பெட்டி. குழாயில் எச்சில் துப்பி, மூடி, குலுக்கி, தபாலில் போட வேண்டும். சுமார் 80 யூரோ. ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது: 97 சதவீதம் அயர்லாந்து, 3 சதவீதம் ஸ்காட்லாந்து. "இதற்குக் கண்ணாடி போதுமே" என்றார் மாமனார். மூன்று மாதம் கழித்து அந்த நிறுவனமே கணக்கைப் புதுப்பித்து 91 சதவீதம் என்று மாற்றியது, யாரும் படையெடுக்காமலே ஆறு சதவீதம் பறிபோனது. இந்தச் சதவீதம் என்பது நம் மாதிரியை அவர்கள் கையில் வைத்திருக்கும் ஒப்பீட்டு மாதிரிகளோடு வைத்துப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு, ஒப்பீட்டுக் கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். பெட்டியின் மேல் இதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன், அதனால்தான் போடவில்லை போலும்.

உருப்படியான ஒன்று உண்டு: சொந்தக்காரர் பட்டியல். நெருக்கமான பொருத்தங்கள் என்று நாற்பது பேரைக் காட்டியதில் அயர்லாந்தில் இருப்பவர்கள் ஐந்தே பேர். மற்றவர்கள் பாஸ்டன், சிகாகோ, மெல்போர்ன், லிவர்பூல். மாமனார் அந்தப் பட்டியலைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக ஐந்துக்கு இரண்டு.

கட்டண இணையதளத்துக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனமில்லை. அவர்கள் காட்டிய அயர்லாந்து ஆவணங்களில் முக்கால்வாசி அரசுத் தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன, அது தெரியாமல் நான்கு மாதம் கட்டினேன். போதாக்குறைக்கு, யாரோ ஒருவர் ஊகத்தில் ஒட்டிய கிளையை நம் மரத்தில் 'குறிப்பு' என்று காட்டி, அதை ஏற்றுக்கொண்டால் நாம் பதினேழாம் நூற்றாண்டுப் பிரபு ஒருவரின் வாரிசாகிவிடுகிறோம். அடுத்த பக்கத்தில் அந்தப் பிரபுவின் கேடயச் சின்னம் சட்டம் போட்டு விற்பனைக்கு! சின்னம் என்பது குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வழியில் வந்தவர்களுக்கும் உரியதே தவிர அந்தக் குடும்பப் பெயர் உள்ள எல்லாருக்கும் பொதுச்சொத்து அல்ல. இது நமக்குத் தெரிவதற்குள் என் கணவர் ஆசைப்பட்டு ஒன்றை வரவழைத்துவிட்டார். ராஸ்காமனில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களின் வாரிசு வீட்டு மாடிப்படியில் இப்போது சிங்கமும் வாளும் தொங்குகின்றன.

இனி இலவசச் சரக்கு. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அயர்லாந்தில் தேடுபவர் முதல் வாரத்திலேயே போய் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பொது ஆவணக் காப்பகத்தோடு எரிந்து போனது. உள்நாட்டுப் போர் நேரம், வெடித்தது இவர்களுக்குள்ளேயே நடந்த சண்டையில், ஆகவே இதை இங்கிலாந்தின் தலையில் கட்ட முடியாது என்று மாமனாரே சொல்லிவிட்டார். 1861, 1871 கணக்குகளை அந்தக் காலத்து அரசாங்கமே அழித்தது, 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாகின. ஆக முழுசாகக் கிடைப்பவற்றில் பழையவை 1901, 1911 இரண்டும்தான். தேசிய ஆவணக் காப்பகம் இரண்டையும் வீட்டுக்காரர் தன் கையால் எழுதிய படிவத்தின் படத்தோடு இலவசமாகப் போட்டிருக்கிறது. எரிந்ததில் மீட்க முடிந்ததை மற்ற காப்பகங்களில் இருந்த பிரதிகளைக் கொண்டு ஒட்டிச் சேர்க்கும் மெய்நிகர் ஆவணக் களஞ்சியம் என்ற திட்டமும் 2022 முதல் இருக்கிறது, பொறுமை உள்ளவர்களுக்கு அது ஒரு புதையல்.

1901 படிவம் திறந்தபோது நாங்கள் மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம். குடும்பப் பெயரில் (ஓ'பிரையன் என்பதுபோல) முன்னால் வர வேண்டிய 'ஓ' இல்லை. படிவத்தில் கிழவி ஒருத்தி, வயது 78, விதவை, எழுதப் படிக்கத் தெரியாது. மொழி என்ற கட்டத்தில் 'ஐரிஷும் ஆங்கிலமும்'. அவள் மகனுக்கும் அதே. மருமகளுக்கும் ஆறு பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டம் காலி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் எதுவும் எழுத வேண்டியதில்லை என்பது விதி. ஒரே கூரை, ஒரே காகிதம், மேலிருந்து மூன்றாவது வரியில் மொழி நின்றுவிட்டது. மாமனார் பள்ளியில் ஐரிஷ் கட்டாயப் பாடமாகப் பத்து வருடத்துக்கு மேல் படித்தவர், அவருக்குத் தங்குதடையில்லாமல் வரும் ஒரே வாக்கியம் 'நான் கழிப்பறைக்குப் போகலாமா' என்பது. நாட்டில் பாதிப்பேர் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நகைச்சுவை இது. அன்றைக்கு அவர் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. கிழவியின் வரியில் விரலை வைத்து, "இவள் பேசியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது" என்றார்.

1841இல் அவளுக்குப் பதினெட்டு வயது இருந்திருக்கும். அப்போது, பஞ்சத்துக்கு முன், ராஸ்காமனில் இரண்டரை லட்சம் பேர். 2022 கணக்கில் சுமார் 70,000. தீவு முழுவதும் சேர்த்தாலும் 1841இல் இருந்த 81 லட்சத்தை இன்றும் எட்டவில்லை. ஐரோப்பாவில் வேறெங்கே இப்படி!

1911 படிவம் கொஞ்சம் சிரிப்பு மூட்டும். 1901இல் 50 வயதாக இருந்த மகனுக்கு 1911இல் 70 வயது. பத்து வருடத்தில் இருபது வயது எப்படிக் கூடும் என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருக்க, மாமனார் உடனே பிடித்துவிட்டார்: 1909 முதல் எழுபது வயதானவர்களுக்கு அரசு ஓய்வூதியம். பிறப்புப் பதிவு எல்லாருக்கும் கட்டாயமானதே 1864இல்தான், அதற்கு முன் பிறந்தவர் வயதை யார் சரிபார்ப்பது? "எங்கள் ஆள்" என்று முதன்முறையாகப் பெருமையாகச் சொன்னது அப்போதுதான். அதே படிவத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர் எத்தனை. பத்து, ஏழு.

1901க்குப் பின்னால் போக வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள், தேசிய நூலகம் 2015இல் 1880 வரையிலானவற்றின் படங்களை இணையத்தில் போட்டது, பாதி லத்தீன், மை கலங்கியது, கண்ணாடி போட்டவர்களுக்குத் தலைவலி நிச்சயம். நாங்கள் மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒரே ஒரு பெயரைப் பிடித்தோம். இன்னொன்று கிரிஃபித் மதிப்பீடு. 1847க்கும் 1864க்கும் இடையில் தீவு முழுக்க ஒவ்வொரு வீட்டையும் வயலையும் அளந்து, குடியிருப்பவர் யார், யாரிடமிருந்து குத்தகை, என்ன மதிப்பு என்று வரி போடுவதற்காக எழுதிய புத்தகம். வரைபடத்தோடு இலவசமாகத் தேடலாம். இதற்கு ஐந்துக்கு ஐந்து.

கிழவியின் கணவர் அங்கே கிடைத்தார். வீடு ஒன்று, நிலம் இல்லை, வருட மதிப்பு ஏழு ஷில்லிங். பக்கத்துக் கட்டத்தில் குத்தகை கொடுத்தவரின் பெயர், அதே பெயர் அந்தப் பக்கம் முழுக்க மேலிருந்து கீழே 'அதே', 'அதே', 'அதே' என்று இறங்குகிறது. பிரபு வம்சங்களுக்குக் கல்வெட்டும் ஓவியமும் இருக்கின்றன. இவரைப் பற்றி உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்து இவர் எவ்வளவு வரிக்குப் பெறுவார் என்று இன்னொருவர் எழுதியது. நான் எதிர்பார்த்துப் போனது ஏதோ ஒரு கடிதம், ஒரு பைபிளின் முதல் பக்கம். கிடைத்தது கணக்குப்பிள்ளையின் பேரேடு.

குத்தகை கொடுத்தவரின் அந்தப் பெயர் எப்படி அங்கே வந்தது என்பதற்குத்தான் இருநூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இங்கிலாந்துப் படைத்தலைவர் ஆலிவர் க்ராம்வெல் 1649இல் வந்து இறங்கினார். த்ரோஹெடா, வெக்ஸ்ஃபர்ட் படுகொலைகள் எல்லாருக்கும் தெரிந்தவை, ஆனால் நிலைத்து நின்றது அவற்றுக்குப் பின்னால் வந்த 1652 சட்டம்: நிலம் வைத்திருந்த கத்தோலிக்கரை ஷானன் ஆற்றுக்கு மேற்கே கானக்ட் மாகாணத்துக்குத் தள்ளிவிட்டு, பறித்ததைச் சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கியாகவும் போருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியும் முதலுமாகவும் பிரித்துக் கொடுத்தார்கள். 1641இல் நிலத்தில் சுமார் 60 சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1703இல் 14 சதவீதம். அதற்கு மேல் 1704 சட்டம்: கத்தோலிக்கர் செத்தால் நிலத்தை எல்லா மகன்களுக்கும் துண்டு போட வேண்டும், மூத்தவன் மதம் மாறினால் முழுசும் அவனுக்கு. எனக்கு இதுதான் கத்தியைவிடக் கூர்மையாகத் தெரிகிறது, ஒரு குடும்பத்துக்குள் அண்ணனையும் தம்பியையும் வைத்தே வேலையை முடிக்கும் சட்டம்.

இப்போது அருங்காட்சியகம். ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க் என்ற ஜமீன் மாளிகையின் குதிரை லாயத்தில் இருக்கிறது தேசியப் பஞ்ச அருங்காட்சியகம். டப்ளினிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஊரின் அகலமான தெரு நேராகப் போய் மாளிகையின் வளைவு வாசலில் முட்டும், தெருவைப் பார்த்தாலே யார் ஊர் என்று தெரியும். மஹன் குடும்பத்துக்கு க்ராம்வெல் காலத்தில் வந்த நிலம், 1979 வரை அவர்களிடமே இருந்தது. அந்த வருடம் அதை வாங்கிய உள்ளூர் வியாபாரிக்கு நிலம்தான் வேண்டியிருந்தது, வீட்டுக்குள் போனால் பஞ்சகாலத்து எஸ்டேட் காகிதங்கள் ஆயிரக்கணக்கில். அதை எரித்துவிடாமல் 1994இல் அருங்காட்சியகம் திறந்தார், 2022இல் புதுப்பித்திருக்கிறார்கள்.

வீட்டைத் தவறாமல் பாருங்கள். வழிகாட்டியோடுதான் போக முடியும், அதுவே நல்லது. சமையலறைக்கு மேலே ஒரு மாடம் இருக்கிறது, எஜமானியம்மாள் அங்கே நின்று வாரத்துச் சமையல் பட்டியலைக் கீழே போடுவாராம், சமையற்காரர்களோடு பேச வேண்டியதில்லை. வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் போய்வரச் சுரங்கப்பாதை வேறு. அதைப் பார்த்துவிட்டு லாயத்துக்கு வந்தால் குதிரைகளுக்குக் கோயில் மாதிரி வளைவு வளைவாகக் கூரை. மாமனார் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஏழு ஷில்லிங் வீடு நினைவுக்கு வந்திருக்கும், எனக்கு வந்தது.

உள்ளே அதிகம் நிறுத்தி வைத்தது ஒரு மனு. 1846 ஆகஸ்டில் க்லூனஹீ என்ற பகுதிக் குடியானவர்கள் ஜமீனுக்கு எழுதியது: பிள்ளைகள் பசியில் அழுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, உருளைக்கிழங்கு அழுகிவிட்டது, வேலையாவது கொடுங்கள் என்று போகிறது. மரியாதை குறையாத மொழி, அடியில் மட்டும் ஒரு மிரட்டல் தொனி லேசாகக் கேட்கும். 1847இல் எஸ்டேட் நிர்வாகி கணக்குப் போட்டார். குடியானவர்களை வொர்க்ஹவுஸ் என்ற ஏழைகள் கொட்டடியில் ஒரு வருடம் வைத்துச் சோறு போடும் செலவில் சுமார் பாதிதான் கப்பலேற்றி கனடாவுக்கு அனுப்ப ஆகிறது. 4 பவுண்டுக்குக் குறைவான குடியிருப்புகளுக்கு ஏழைவரி கட்ட வேண்டியது ஜமீன்தார் என்பதால் சின்னக் குடிசை ஒவ்வொன்றும் அவருக்கு நஷ்டக் கணக்கு. 1,490 பேர் ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளினுக்கு நடந்தார்கள், திரும்பி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள எஸ்டேட் ஆள் ஒருவர் கூடவே. அங்கிருந்து லிவர்பூல், அங்கிருந்து நான்கு கப்பல். அதில் வர்ஜினியஸ் என்ற கப்பலில் ஏறியவர் 476, கடலிலேயே செத்தவர் 158. அந்த வருடம் நவம்பர் 2 அன்று ஜமீன்தார் டெனிஸ் மஹனைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர்கள் நடந்த பாதை இப்போது 165 கிலோமீட்டர் நடைப்பாதை, வழிநெடுக வெண்கலத்தில் குழந்தைச் செருப்புகள். நாங்கள் ஒரு மணி நேரம் மட்டும் நடந்தோம், மாமனாருக்கு முட்டி வலி.

அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்தது, கிழங்கில் வந்த நோய்மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை என்பது. 1847 கோடையில் அரசாங்கமே தினமும் 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றியது, ஆக முடியாது என்பதல்ல, பிறகு மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதைக் கைவிட்டால்தான் நிவாரணம் என்று சட்டம் போட்டார்கள். தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. நிவாரணத்துக்குப் பொறுப்பாக லண்டன் கருவூலத்தில் இருந்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். நம்மவர்களுக்கு ஒரு துணுக்கு: இதே மனிதர்தான் 1859இல் மெட்ராஸுக்கு கவர்னராக வந்தவர். மாமனாரிடம் சொன்னேன். "உங்களுக்கும் அனுப்பினார்களா" என்று கேட்டுவிட்டு எனக்குக் காபி வாங்கித் தந்தார்.

அருங்காட்சியகத்துக்கு ஐந்துக்கு ஐந்து. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தோட்டத்தில் விட்டுவிட்டு ஆள் மாற்றி ஆள் போய்ப் பாருங்கள். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மாமனாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் விடவில்லை, அம்மா வழியையும் பார்த்துவிடலாம் என்று அரசின் சிவில் பதிவுத் தளத்தில் நுழைந்தேன். 75 வருடம் தாண்டிய திருமணப் பதிவுகள் அதில் படமாகவே இருக்கின்றன. அம்மாவின் தாத்தா தபால் ஆபீஸில் வேலை பார்த்தார் என்பது வீட்டுக் கதை. 1884 திருமணப் பதிவில் தொழில் என்ற கட்டத்தில் கான்ஸ்டபிள் என்று இருந்தது. அதாவது பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸான ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி. அவர் போலீஸில் இருந்த 1880களில்தான் நிலப் போராட்டம் உச்சத்தில் இருந்தது, குத்தகை பாக்கிக்காகக் குடும்பங்களைத் தெருவில் தள்ளும்போது துப்பாக்கியோடு காவல் நின்றது அந்தப் போலீஸ். அதில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள், நிலையான சம்பளம் என்றால் ஊரில் அது ஒன்றுதான். சொந்த மாவட்டத்தில் வேலை கொடுக்க மாட்டார்கள். அவர் பிறந்த மாவட்டத்தை வைத்து 1901 கணக்கில் தேடினோம். போலீஸ் முகாம்களின் படிவத்தில் பெயர் எழுதுவதில்லை, முதலெழுத்து மட்டும். இரண்டு எழுத்து, வயது, மதம், மாவட்டம். எல்லாம் பொருந்தியது.

மாமனார் எழுந்து போய் கெட்டிலில் தண்ணீர் வைத்தார், கொதித்த பிறகும் அங்கேயே நின்றார். அப்புறம் வந்து, "அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? தபால் ஆபீஸ் என்று யாரோ ஒருவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும், 1922இல் பிரிட்டிஷ் ஆட்சி போன பிறகு அப்படிச் சொல்வதே உயிருக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கும். ஒரு பக்கம் குடிசைக்காரர், இன்னொரு பக்கம் குடிசைக்கு முன்னால் துப்பாக்கியோடு நிற்க வைக்கப்பட்டவர், இரண்டு ரத்தமும் இவரிடம். டிஎன்ஏ பெட்டியைக் கேட்டால் இரண்டையும் சேர்த்து 91 சதவீதம் என்கிறது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். 1901 படிவங்கள் இரண்டையும், கிழவியுடையதையும் முதலெழுத்துக்காரருடையதையும், நூலகத்தில் அச்சடித்து வந்து ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறார். பாஸ்டன் சொந்தக்காரர் ஒருவர் ஆகஸ்டில் வருகிறாராம், காட்ட வேண்டுமாம். எங்கள் வீட்டு மாடிப்படியில் தொங்கும் சிங்கக் கேடயத்தை அவர் வருவதற்குள் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், பின்னால் சுவரில் ஈரக்கறை இருக்கிறது.